பூசணக் காய்ச்சலும் பக்கத்து வீட்டுத் தூசியும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காகச் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். போன மாதம் பி பிளாக்கில் குளியலறை டைல்ஸ் உடைத்தபோது எழுந்த தகராறு உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் என்னென்னவோ எழுதினார்கள். தூசிக்கு இவ்வளவு கூச்சலா என்று ஒரு தரப்பு. வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் நல்லவர்கள்தான். அந்தத் தூசிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு அது கொஞ்சம் தெரியும். தெரிந்துகொண்ட விதம் நல்ல விதம் அல்ல.

நம் குடியிருப்பில் ஒருவர் இப்போது ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார். எந்த வீடு என்று சொல்ல வேண்டாம் என்று அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டது. இதைப் பற்றிப் பேசலாம் என்று அனுமதி கொடுத்ததும் அவர்கள்தான். யார் என்று யாரும் தேட வேண்டாம்.

ரொட்டிப் பாக்கெட்டை நாலு நாள் மறந்து வைத்தால் பச்சையாக, கறுப்பாகப் பிடிக்குமே, பூசணம், அதன் உறவினர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். டாக்டர்கள் பூஞ்சை என்பார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்று ஒரு வகை. 1729-இல் இத்தாலியில் மிக்கேலி என்ற பாதிரியார் இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கோயிலில் புனித நீர் தெளிக்கும் கருவியைப் போல இருக்கிறதென்று அந்தப் பெயரை வைத்தார். அதன் வித்து 2 முதல் 3 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மண்ணில், மக்கின இலையில், வைக்கோல் போரில், ஈரம் ஊறிய சுவரில், பழைய பரணில் எங்கும் இருக்கும். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தினமும் நூற்றுக்கணக்கில் அதை மூச்சில் இழுக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை.

ஒரு ஐயா கை தூக்குகிறார். அனல் மின் நிலையத்துச் சாம்பலாலா என்கிறார். நம்ம ஊரில் எதற்கெடுத்தாலும் சாம்பலையும் ஆலைப் புகையையும் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பிரச்சினை தனி, அதற்குத் தனிக் கூட்டம் போடலாம். இந்தப் பூஞ்சை வளர்வது மக்குகிற பொருளில்.

நமக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள். அதிலும் நியூட்ரோபில் என்று ஒரு வகை. உள்ளே வந்த பூஞ்சை முளைவிடும்போது சூழ்ந்து அழிப்பவை அவைதான். ரத்தப் புற்றுநோயில் எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போவதால் நல்ல நியூட்ரோபில் உற்பத்தி ஆவதில்லை. அதற்குக் கொடுக்கும் மருந்தோ மீதி இருப்பதையும் துடைத்துவிடுகிறது. ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட, அந்த உடம்பு காவலாளி இல்லாத கேட்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் டோட்டல் கவுன்ட் என்று ஒரு எண் இருக்கும். கீழே நியூட்ரோபில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். டோட்டல் 1,200, நியூட்ரோபில் 20 சதவீதம் என்றால் 240. இந்த எண் 500-க்குக் கீழே போனால் மினிமம் பேலன்ஸ் உடைந்தது என்று அர்த்தம். 500-க்குக் கீழே பத்து நாளுக்கு மேல் நின்றால் பூஞ்சைக்குக் கதவு திறந்தாயிற்று. டோட்டலை மட்டும் பார்த்து 'ஆயிரத்துக்கு மேலே இருக்கிறதே' என்று தெம்பாக இருந்தவன் நான். வாழ்நாள் முழுக்கப் பேரேட்டில் வட்டி போட்டவனுக்கு இந்தப் பெருக்கலைப் போடத் தெரியவில்லை.

என் தம்பியின் கதைக்கு வருகிறேன்.

2017 கடைசியில் அவனுக்கு அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்றார்கள். வயது 52. முதல் கீமோவில் நோய் அடங்கியது. அது திரும்பாமல் இருக்க அடுத்தடுத்து சில சுற்று மருந்து. அப்படி ஒரு சுற்று 2018 ஜனவரி முதல் வாரத்தில் முடிந்து, பொங்கலுக்கு வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பினார்கள். அவன் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்று இங்கே என்னிடம் அழைத்து வந்தேன். ஜனவரி 13 போகி. வருடா வருடம் போகிக்குப் பரண் இறக்குவது எங்கள் வீட்டு வழக்கம். பழைய பாய், பழைய புத்தகம், பத்து வருஷத்து வார இதழ்கள் எல்லாவற்றையும் ஹாலில் கொட்டித் தட்டினேன். அவன் சோபாவில் உட்கார்ந்து, 'அண்ணா, அந்த அட்டைப்பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுடாதே, அதிலே அப்பா எழுதின லெட்டர் இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தத் தூசியால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பின்னால் மருத்துவரிடம் கேட்டபோது, எங்கே எப்போது மூச்சில் போனது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு நான் போகிக்குப் பரண் இறக்குவதில்லை.

காணும் பொங்கலன்று ராத்திரி ஒன்பது மணிக்கு உடம்பு சுட்டது. 101 டிகிரி. பாரசிட்டமால் கொடுத்தேன். வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. நிம்மதியாகப் படுத்தோம். விடியற்காலை நாலு மணிக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். பண்டிகை விடுமுறை, வண்டி கிடைக்கவில்லை. மேச்சேரி, ஓமலூர் வழியாகச் சேலம் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காலை மணி பதினொன்று. பதினாலு மணி நேரம். அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் பெண் என்னைத் திட்டவில்லை. 'ராத்திரியே வந்திருக்கலாமே சார்' என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது ஒன்றுதான். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு மணி நேரம் நின்றாலோ, 101 ஒரே ஒரு தடவை தொட்டாலோ அது அவசரம். நெஞ்சுவலிக்கு எப்படி ஓடுவோமோ அப்படி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமால் கொடுக்கக் கூடாது. அது காய்ச்சலை மறைக்கும், காரணத்தைத் தொடாது. வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கம் சரியாகத் தெரியாது. அந்த உடம்பு கொடுக்கக்கூடிய ஒரே சத்தம் காய்ச்சல்தான். நான் மாத்திரை கொடுத்து அந்தச் சத்தத்தை நிறுத்தினேன்.

முதலில் வரும் காய்ச்சல் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. அதனால் முதலில் ஆன்டிபயாட்டிக். நாலு நாள் முதல் ஏழு நாள் வரை கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் பூஞ்சையைச் சந்தேகிப்பார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம். சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். கேலக்டோமானன் என்று பூஞ்சையின் சுவரிலிருந்து உதிரும் ஒரு பொருளை ரத்தத்தில் தேடுவார்கள். தம்பிக்கு ஆறாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலில் இரண்டு கட்டி, சுற்றிலும் மங்கலான வளையம். நிலாவைச் சுற்றி ஊர்கோள் கட்டுமே, அப்படி. ஆஸ்பர்ஜில்லஸ் என்றார்கள். நான் வழியில் தாமதித்ததால் பூஞ்சை வந்தது என்று இல்லை, அது ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கும். ஆனால் அந்த ஆறு நாள் எண்ணிக்கை ஊசி ஏறிய நேரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பூஞ்சைக்கு மருந்து ஏன் இவ்வளவு குறைவு, ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்டேன். பாக்டீரியா நமக்கு ரொம்ப தூரத்துச் சொந்தம், பூஞ்சை கிட்டத்துச் சொந்தம் என்றார் டாக்டர். அதன் செல்லும் நம் செல்லும் கட்டமைப்பில் ஒத்துப்போகும். அதைக் கொல்லப்போனால் நம்மையும் காயப்படுத்தும். 1950-இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள் முதன்முதலாகப் பயனுள்ள ஒரு பூஞ்சை மருந்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் நியூயார்க்கில், ஒருவர் ஆல்பனியில். மண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். வந்த ராயல்டியைத் தாங்கள் எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த மருந்து வாய்ப்புண்ணுக்கும் தோலுக்கும்தான் ஆகும். நரம்பில் ஏற்றக்கூடிய ஆம்போடெரிசின் பி சில ஆண்டுகள் கழித்து வெனிசுலாவின் ஓரினாகோ ஆற்றுப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தது. உயிர் காக்கும், ஆனால் குளிர் நடுக்கம் கொடுக்கும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதைக் கொழுப்புத் துளிக்குள் பொதிந்து லைபோசோமல் என்று பிறகு செய்தார்கள். பாதிப்பு குறைந்தது, விலை ஏறியது. ஒரு குப்பி 50 மில்லிகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 6 குப்பி. வாரக்கணக்கில்.

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்பர்ஜில்லஸ் நோயாளிகளுக்கு வோரிகோனசோல் என்ற மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் 100-க்கு 71 பேர் உயிரோடு இருந்தார்கள். பழைய ஆம்போடெரிசினில் 58 பேர். தம்பிக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். முதல் சில நாள், மாத்திரை போட்ட அரை மணியில் சுவரெல்லாம் மினுமினுக்கிறது, கலர் மாறித் தெரிகிறது என்பான். பயந்துபோனோம். அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுதான் அது. தானாகப் போய்விட்டது.

2021 உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். 'கருப்பு பூஞ்சை' என்று டி.வி.யில் ஓடிக்கொண்டே இருந்தது. அது வேறு குடும்பம், மியூகர்மைகோசிஸ். பூஞ்சை கருப்பு இல்லை. அது ரத்தக்குழாயை அடைத்து, சதை செத்துக் கருப்பாவதால் வந்த பெயர். அந்த ஆண்டு மே 20 அன்று தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோய் ஆக்கியது. ஜூன் கடைசியில் மத்திய அமைச்சர் சொன்ன கணக்கு நாடு முழுக்க 40,845 பேர். அதில் 64 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள். மருந்து எங்கேயும் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். ஜூன் 12 அன்று கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் ஆம்போடெரிசின் வரியை 5 சதவீதத்திலிருந்து பூஜ்யம் ஆக்கியது. பேப்பரில் அந்த வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோவிட் வந்ததால் ஊருக்கே அந்தப் பெயர் தெரிந்தது. புற்றுநோய் வார்டுகளுக்கு அது புதிதில்லை. மேல்நாடுகளில் மியூகர் பெரும்பாலும் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு வருவது. நம் நாட்டில் சர்க்கரைதான் முதல் காரணம். கோவிடுக்கு முன்பே சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையின் டாக்டர் அருணலோக் சக்ரவர்த்தியும் சகாக்களும் போட்ட மதிப்பீடு, பத்து லட்சம் பேருக்கு 140 பேர். உலகக் கணக்கைவிட ஏறத்தாழ 70 மடங்கு. ரத்தப் புற்றும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் ஒரு பக்கம் மூக்கடைப்பு, ஒரு பக்கம் முக வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, மூக்கில் கருப்புப் பொருக்கு, இதில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். முக்கியமான விஷயம், தம்பிக்கு வேலை செய்த வோரிகோனசோல் மியூகருக்கு வேலை செய்யாது. மியூகருக்கு ஆம்போடெரிசினும், பல சமயம் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். அதனால் எந்தப் பூஞ்சை என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வெற்றி. பக்கத்து வார்டில் ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரைக் கேட்டு வந்து இங்கே விசாரிப்பது வேண்டாம்.

இன்னொன்றும் அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்பர்ஜில்லசும் மியூகரும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. தம்பி இங்கே இருந்தபோது அவன் ஏறிய லிஃப்டில் ஏறாமல் படியில் போனவர்கள் உண்டு. குறையாகச் சொல்லவில்லை, தெரியாததுதான். உண்மை தலைகீழ். அவர்களால் நமக்கு ஆபத்து இல்லை, நம் தும்மலும் நம் வீட்டுத் தூசியும்தான் அவர்களுக்கு ஆபத்து.

தம்பிக்கு அந்தப் பூஞ்சை குணமாகியது. ஆமாம், குணமாகியது. மூன்று மாதம் மாத்திரை, ஸ்கேனில் கட்டி சுருங்கியது. ஆனால் நுரையீரல் அப்படி இருக்கும்போது அடுத்த கீமோ கொடுக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வருஷக் கடைசியில் லுக்கேமியா திரும்பி வந்தது. 2019 ஆடியில் போய்விட்டான். பூஞ்சை ஆளை நேராகக் கொண்டுபோவது ஒரு வகை. புற்றுநோய்ச் சிகிச்சையின் தவணையைத் தவறவைப்பது இன்னொரு வகை. இது இறப்புச் சான்றிதழில் எழுதப்படுவதில்லை.

இப்போது சில சங்கதிகள் முன்னேறியிருக்கின்றன. பூஞ்சை வருவதற்கு முன்பே தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். 2007-இல் வந்த ஆய்வில் பழைய தடுப்பு மருந்துகளோடு 100-க்கு 8 பேருக்கு வந்த பூஞ்சை நோய், போசகோனசோல் கொடுத்தவர்களில் 2 பேருக்குத்தான் வந்தது. எல்லா நோயாளிக்கும் இது இல்லை, மருத்துவர்தான் முடிவு செய்வார். கேட்பதில் தப்பில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகள் என்று முதன்முறையாக 19-ஐப் பட்டியல் போட்டது. தம்பிக்கு வந்த ஆஸ்பர்ஜில்லஸ் வகைதான் நுரையீரல் நோயை அதிகம் உண்டாக்குவது. அதுவும் அதன் முதல் வரிசையில் இருக்கிறது.

இனி நம் கட்டடத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரிகளில் கட்டட வேலை நடக்கும்போது பக்கத்து வார்டில் ஆஸ்பர்ஜில்லஸ் பரவியதாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் மஜ்ஜை மாற்று வார்டுகளில் வடிகட்டிய காற்று வைக்கிறார்கள். நம்மால் அதெல்லாம் முடியாது. டைல்ஸ் மாற்றவே கூடாது என்று சொல்லவும் முடியாது, அவரவர் வீடு. நான் கேட்பது, உடைப்பு வேலைக்கு மூன்று நாள் முன்பே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நோயாளி இருக்கும் குடும்பம் அந்த நாளில் சன்னல் சாத்திக்கொள்ளவோ, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவோ நேரம் கிடைக்கும். உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்து உடையுங்கள். இடிபாட்டை ஈரச் சாக்கில் கட்டி இறக்குங்கள், லிஃப்டில் வேண்டாம். குளியலறையின் டக்ட் திறப்பை பாலித்தீன் வைத்து ஒட்டிவிடுங்கள், அது வழியாகத்தான் மூன்று மாடிக்கும் தூசி ஏறுகிறது. பின்பக்கத்து இலைதழை உரக்குழியைக் கிளறும் நாளைத் தோட்டக்காரர் பலகையில் எழுதட்டும். அந்தக் குழி எனக்குப் பிரியமானது, நான்தான் அதைப் போடச் சொன்னேன். ஆனால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல விடுதி கிடையாது.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பூங்கொத்து, பூந்தொட்டி கொண்டுபோக வேண்டாம். மண்ணும் தேங்கிய நீரும் ஆகாது. பழம் வேண்டுமென்றால் தோல் உரித்துச் சாப்பிடக்கூடியது, அதையும் அவர்களைக் கேட்டு. ஏர் கூலர் வைத்திருக்கும் வீட்டில் புல் பட்டை மாற்றி எத்தனை வருஷம் ஆனது என்று பாருங்கள். ஈரத்திலேயே நிற்கும் பட்டையில் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும். நோயாளி வெளியே கிளம்பும்போது என்-95 முகக்கவசம். துணி மாஸ்க் இந்த அளவு வித்தைத் தடுக்காது.

அந்த வீட்டார் ஒரு பை தயாராக வைத்திருக்கிறார்கள். கடைசி கீமோ தேதி, மருந்துப் பெயர், கடைசி ரத்தப் பரிசோதனை, டாக்டர் கொடுத்த கடிதம், தெர்மாமீட்டர், காப்பீட்டு அட்டை. எந்த அவசரப் பிரிவிலும் அந்தக் கடிதத்தை நீட்டினால் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்காது என்று அவர்களுடைய டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நம் துப்புரவுப் பணியாளர்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்டு உதவுங்கள்.

ராத்திரி வண்டிதான் கடைசி விஷயம். 108 உண்டு. ஆனாலும் சேலம்வரை கூடவே வர ஒரு ஆள், உடனே கிளம்ப ஒரு கார் என்று இருந்தால் அந்தக் குடும்பம் விடியட்டும் என்று நான் காத்திருந்த மாதிரி காத்திருக்காது. கார் வைத்திருப்பவர்கள் எந்தக் கிழமை ராத்திரி கூப்பிட்டால் எழுந்து வருவீர்கள் என்று எழுத ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். காவலாளி மேசையில் இருக்கிறது. என் பெயரை எழுதிவிட்டேன். என்னிடம் கார் இல்லை, கூட வரும் ஆள் என்ற கட்டத்தில் ஏழு கிழமைக்கும் எழுதியிருக்கிறேன். இப்போதைக்குச் செவ்வாயும் சனியும் கார் இல்லாமல் காலியாக இருக்கின்றன.